பெட்ரோல் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டுவது எப்படி? வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் வீட்டு கராஜில் கார் கட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பெரும்பாலும் 1957இல் வந்த லோட்டஸ் செவன் சாயலில் ஒரு குட்டிக் கார். நானும் அப்படி ஒன்றைக் கட்டினேன். சேசிஸ், சஸ்பென்ஷன் எல்லாம் ஒழுங்காக வந்தது. பெட்ரோல் லைனில் கோட்டை விட்டேன். குழாயை வெட்டி, ஹோஸை அப்படியே செருகி, கிளிப்பை இறுக்கிவிட்டுப் போய்விட்டேன். மூன்றாம் நாள் கராஜ் கதவைத் திறந்தால் குப்பென்று பெட்ரோல் வாடை. ஹோஸ் பாதி வழுக்கி வந்திருந்தது. வழவழப்பான குழாயில் ரப்பர் நிற்காது, நுனியில் ஒரு புடைப்பு வேண்டும்.

டாங்கிலிருந்து முன்பக்கம் வரை உலோகக் குழாய்தான் போகும். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் ஆடுவதால் கடைசித் துண்டு மட்டும் வளைந்து கொடுக்க வேண்டும். அந்த ஹோஸ் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

வாங்க வேண்டியவை. 8 மி.மீ. செப்பு-நிக்கல் குழாய். வெறும் செம்பு வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஹோஸின் உள்விட்டமும் 8 மி.மீ. அதன் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற பெட்ரோல் ஹோஸ் தரக் குறியீடு அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரக ரப்பரை அது சீக்கிரம் கெடுத்துவிடும். கிளிப்பில் பட்டை முழுசாக, ஓரம் வெளிப்பக்கம் மடங்கியதாக இருக்கட்டும். திருகுக்காகப் பட்டையில் துளை வெட்டிய ரகம் ரப்பரைக் கடித்துவிடும்.

வெட்டுதல். டாங்கில் பெட்ரோல் ஊற்றும் முன்பே இந்த வேலை முடிய வேண்டும். ஆக்சா பிளேடு வேண்டாம், பொடி உள்ளே போய் கார்புரேட்டரை அடைக்கும். டியூப் கட்டரை மாட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் இறுக்கினால் சுத்தமாக விழும். உள்ளேயும் வெளியேயும் பிசிறு எடுத்து, காற்றடித்து விடுங்கள்.

புடைப்பு. பிரேக் பைப்புக்கு இரட்டை ஃபிளேர் (நுனியை முதலில் உப்ப வைத்து, பிறகு உள்ளே மடித்து விரிப்பது) அடிக்கும் செட் போதும். அதன் முதல் பாதியை மட்டும் செய்யப் போகிறோம். குழாயை செட்டில் இருக்கும் பிடிப்புக் கட்டையின் 8 மி.மீ. துளையில் பிடித்து, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு, அந்த அளவுக்குரிய பட்டனை (செட்டோடு வரும், நடுவில் ஊசி நீட்டிய சின்ன அச்சு) பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதன் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு. பட்டனின் ஊசியைக் குழாய்க்குள் விட்டு, ஒரு துளி எண்ணெய் போட்டு, மேல் திருகை இறுக்குங்கள். பட்டன் கட்டையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். கழற்றினால் நுனி சின்ன வெங்காயம்போல உப்பியிருக்கும். ஒரு பக்கம் கோணினாலோ விரிசல் தெரிந்தாலோ வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி அடியுங்கள். எனக்கு நாலாவதுதான் சரியாக வந்தது, அதனால் முதலில் மிச்சத் துண்டில் பழகுங்கள்.

மாட்டுதல். முதலில் கிளிப்பை ஹோஸில் கோத்துவிடுங்கள். இதை மறந்து ஹோஸை மாட்டிவிட்டு, பிறகு கழற்றாதவர் கிடையாது. குழாயில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, ஹோஸைத் திருகித் திருகி 25 மி.மீ. ஏற்றுங்கள். கிளிப் புடைப்பின் மேல் உட்காரக் கூடாது. புடைப்புக்கும் ஹோஸ் விளிம்புக்கும் நடுவில், விளிம்பை விட்டுச் சில மி.மீ. தள்ளி இருக்கட்டும். ஹோஸ் வழுக்கினாலும் புடைப்பு கிளிப்பில் முட்டி நிற்கும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலின் அழுத்தம் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தான். இன்ஜெக்‌ஷன் என்றால் 40க்கு மேல் போகும். அங்கே நான் இந்த முறையை நம்ப மாட்டேன், திருகு ஃபிட்டிங் போடுவேன்.

சோதனை. தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எலெக்ட்ரிக் பம்ப் இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓட விடுங்கள். டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் துடைத்தால் ஈரம் உடனே தெரியும். அப்புறம், முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் கிளிப்புகளை இன்னொரு தடவை பாருங்கள். புது ரப்பர் சற்று அமுங்கும். என் வண்டியில் ஒவ்வொன்றும் கால் சுற்று இறுகியது.