வெள்ளம் வடிஞ்ச பிறகு எங்க தங்குறது? மழைக்கு முன்னாடியே பிளான் போடுற வழி

ஜொகூர்ல லாபிஸ், சிகாமட் பக்கம் இருக்குறவங்களுக்கு வெள்ளம் புதுசில்ல, 2006, 2011, 2023னு பாத்தாச்சு. அரிசி, மருந்து, டார்ச்லைட்டெல்லாம் ரெடியா வைக்கிறோம், ஆனா தண்ணி வடிஞ்சப்புறம் எங்க தங்குறது, வீட்ட யாரு காசுல சரி பண்றதுன்னு வீட்ல பேசுறதே இல்ல. நவம்பர் மழைக்கு முன்னாடி பேசிடுங்க.

1. வீடு யாரு பேர்ல இருக்கு?
இதுதான் ரொம்ப முக்கியம். லயத்து வீடுன்னா கம்பெனி சொத்து, வேலை செய்றவங்க குடியிருக்குற வீட்ட நல்லபடியா வச்சிருக்குறது முதலாளி பொறுப்புன்னு 1990லயே சட்டம் 446 வந்துடுச்சு. அதனால வீடு கெட்டுப்போனா எங்கள எங்க வைப்பீங்க, ரிப்பேர் எப்ப முடியும்னு தோட்டத்து ஆபிசுல இப்பவே கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க. அப்பா ரிட்டையர் ஆகியும் அதே லயத்துல இருக்காருன்னா அவருக்கும் ஒரு லெட்டர் கண்டிப்பா வேணும், வாய்ப்பேச்சு மானேஜர் மாறுனா போச்சு. சொந்த வீடா இருந்து கெரான் (நிலப் பட்டா) இன்னும் எறந்துபோன தாத்தா பேர்லயே இருந்தா பேர் மாத்துற வேலைய ஆரம்பிச்சிடுங்க.

2. இன்சூரன்ஸ்
பேங்க் லோன்ல வீடு வாங்குனவங்க பாலிசிய எடுத்து படிங்க. சாதாரண தீ இன்சூரன்ஸ்ல வெள்ளம் சேராது, தனியா சேர்க்கணும். வீட்டு சாமானுக்கு வேற பாலிசி.

3. போட்டோ
சுவரு, தரை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் போன்ல எடுத்து ஐசி (அடையாள அட்டை), கெரான், பாலிசி போட்டோவோட வெளியூர்ல இருக்குற புள்ளைங்களுக்கும் அனுப்பி வைங்க.

4. தங்குற எடம்
பிபிஎஸ் (வெள்ளத்துல தற்காலிகமா தங்க வைக்கிற மையம்) தண்ணி வடியிற வரைக்கும்தான், அப்புறம் மூடிடுவாங்க. ஈரச் சுவரு காய வாரக்கணக்கா ஆகும். மேட்டுல இருக்குற அக்கா வீடா, சித்தப்பா வீடான்னு அவங்ககிட்டயும் கேட்டே முடிவு பண்ணுங்க. சொந்தக்காரங்க வீட்டுக்கு போறவங்க கம்போங் (கிராமத்து) தலைவர்கிட்ட பேர் குடுத்துட்டு போங்க, 2021 வெள்ளத்துல குடும்பத்துக்கு 1,000 வெள்ளி வாங் இஹ்சான் (அரசாங்க உதவிப் பணம்) குடுத்த மாதிரி உதவி வந்தா உங்க பேரு லிஸ்ட்ல இருக்கணும்ல.

5. திரும்பி வந்ததும்
சாமான தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி போட்டோ, போலீஸ் ரிப்போர்ட். எலி மூத்திரத்துல இருந்து காய்ச்சல் வரும், பூட்ஸ் கிளவுஸ் இல்லாம சேத்துல எறங்காதீங்க. வயர்மேன் பாத்து ஓகே சொல்ற வரைக்கும் மெயின் சுவிட்ச தொடவே வேணாம்.