கடை ஒதுக்கிய லேப்டாப்பில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாட

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எங்கள் கடையின் பழைய லேப்டாப் இரண்டும் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை. முதலாளி புதிது வாங்கிவிட்டார். பழையதில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடுத்தோடா" என்றார்.

வீட்டில் மகள் எட்டாவது, மகன் நான்காவது. அதுவரை ஆளுக்கு ஒரு ஃபோனோடு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். கேம் விளையாடுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சின்ன வயதில் கம்பத்தில் பெரியம்மா வீட்டுப் பக்கம் மணிக் கணக்கில் வாடகை வாங்கும் வீடியோ கேம் கடை இருந்தது. நானும் தம்பியும் ஒரே டிவி முன்னால் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக் பிடித்து உட்காருவோம். இன்றைக்கும் அவனோடு பேச்சு எடுத்தால் அந்தக் கடைதான் முதலில் வரும். ஃபோன் கேமில் என் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வேறு: ஆள் தனி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம், "அப்பா, எண்பது ரூபாய் டாப்அப்". ஒரே திரை, இரண்டு பேர், காசு கேட்காத கேம், நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். இது போதும் என்று முடிவு செய்துதான் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் மெஷினைப் பாருங்கள். 64 பிட் பிராசசர், 4 ஜிபி ராம் இருந்தால் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (அதைவிட வேகமான டிஸ்க்) போடுங்கள். செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான். என் லேப்டாப் திரை விழிக்க மூன்று நிமிஷம் எடுத்தது. மாற்றியபின் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ராம் வாங்கினால் பழைய ராமைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ராம் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அப்புறம், புது சிஸ்டம் போட்டால் டிஸ்க்கில் இருப்பது அழியும். அதற்கு முன் ஃபோட்டோக்களை வேறு இடத்தில் எடுத்துவையுங்கள். என் மச்சான் வீட்டுக் கணினியில் நான்தான் இந்த வேலையைச் செய்தேன். டி டிரைவில் பிள்ளையின் காதுகுத்துப் படங்கள் இருந்ததை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எல்லாம் போய்விட்டது. அதிலிருந்து வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை கேட்காமல் எந்த டிஸ்க்கையும் தொடுவதில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக நான் போட்ட சிஸ்டம் லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பு. பழைய மெஷினுக்கு அது இலகு, இலவசம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இறக்க வேண்டிய ஃபைல் மூன்று ஜிபிக்குப் பக்கத்தில் வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கில் இது நடக்காது. ஃபைபர் லைன் இருக்கும் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். அதை 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். சும்மா காப்பி செய்து போட்டால் லேப்டாப் அதிலிருந்து தொடங்காது.

பென்டிரைவைச் சொருகி ஆன் செய்யும்போது டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். பட்டியல் வந்ததும் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் அப்படியே திறக்கும், இன்னும் எதுவும் அழியவில்லை. இந்த நிலையிலேயே வைஃபை, சத்தம், டச்பேட் மூன்றையும் சோதியுங்கள். எல்லாம் சரி என்றால் திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தட்டி, கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போங்கள்.

பிள்ளைகளுக்குப் புது சிஸ்டம் புரியுமா என்று என் மனைவி கேட்டாள். கேரளத்து அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே வேண்டாம். இங்கே 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017-இல் கைட் என்று நிறுவனமான அமைப்புதான் பள்ளிக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறது. அதில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வைத்துச் செய்த சிஸ்டம். மின்ட்டும் உபுண்டு வழியில் வந்ததுதான். தமிழ் மீடியத்தில் படிக்கும் என் மகள் எனக்கே சொல்லிக்கொடுத்தாள், எந்த ஃபைல் எங்கே இருக்கும் என்று.

இனி கேம். மின்ட்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து பெயரைத் தேடி இன்ஸ்டால் கொடுத்தால் போதும். ஒரே கேம் சிஸ்டம் பேக்கேஜ், ஃப்ளாட்பேக் என இரண்டு வடிவில் காட்டினால் சிஸ்டம் பேக்கேஜை எடுங்கள். ஃப்ளாட்பேக் கூடவே நிறைய இறக்கும், டேட்டா தீரும்.

முதலில் சூப்பர்டக்ஸ்கார்ட். கார் பந்தயம். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஆடலாம். ஒருவருக்கு அம்புக்குறி பொத்தான்கள் ஏற்கெனவே இருக்கும். மற்றவருக்கு ஆப்ஷன்ஸில் கண்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய் இன்னொரு கீபோர்டு அமைப்பைச் சேர்த்து, டபிள்யூ, ஏ, எஸ், டி பொத்தான்களைக் கொடுங்கள். படம் திக்கித் திக்கி ஓடினால் கிராஃபிக்ஸ் பகுதியில் எஃபெக்ட்ஸ் அளவைக் கீழே இறக்குங்கள்.

முதல் நாளே சண்டை. "அப்பா, அக்கா ஏதோ பண்றா, என் வண்டி வளையவே மாட்டேங்குது" என்று மகன் அழுதான். அவள் ஒன்றும் செய்யவில்லை, குற்றம் கீபோர்டில். சாதாரண கீபோர்டில் பொத்தான்களுக்கு அடியில் கம்பிகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று நான்கு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் எதை அழுத்தினார்கள் என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, சிலதை விட்டுவிடும். கேம்பேட் வாங்கினால் தீரும். நான் கடையில் சும்மா கிடந்த யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சொருகினேன். மகன் அதில் அம்புக்குறிகளை அழுத்துகிறான், மகள் லேப்டாப் பொத்தான்களை அழுத்துகிறாள். இரண்டு கீபோர்டுக்கும் கம்பிக் கட்டம் தனித்தனி என்பதால் ஒன்று மற்றதை அடைப்பதில்லை. பொத்தான்கள் மட்டும் இருவருக்கும் வேறுவேறாக இருக்க வேண்டும். செலவில்லாமல் அழுகை நின்றது. டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் கேபிள் போட்டுப் பெரிதாகவே ஆடலாம், ஆளுக்குப் பாதித் திரை என்றாலும் கண்ணுக்குச் சிரமம் இல்லை.

என் மனதுக்கு நெருக்கமானது ஓப்பன்டிடிடி. ரயில், பஸ், லாரி விட்டு கம்பெனி நடத்தும் கேம். 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது, எவ்வளவு பழைய மெஷினிலும் ஓடும். அமைப்புகளில் மொழியைத் தமிழாக மாற்றலாம். சில இடத்தில் ஆங்கிலம் எட்டிப்பார்க்கும், பரவாயில்லை. பணத்தையும் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்டம் கடனோடுதான் தொடங்கும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின் நிலையத்துக்கு ஒரு பாதை போடுவது முதல் ஆட்டத்துக்கு நல்லது. பக்கத்திலேயே போட்டால் வருமானம் வராது. சரக்கு எவ்வளவு, எத்தனை தூரம், எத்தனை நாளில் சேர்ந்தது என்று பார்த்துத்தான் கூலி. ரயிலுக்கு ஆர்டர் கொடுக்கும்போது சுரங்கத்தில் ‘முழுச் சரக்கு ஏறும்வரை நில்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் காலியாக ஓடிக் கடனில் தள்ளும். சிக்னல் போடாத ஒற்றைப் பாதையில் இரண்டாவது ரயில் விடாதீர்கள்.

ஊர்ப் பெயர்களை மாற்றலாம் என்று தெரிந்ததும் மகள் தேனி, போடி, கம்பம், குமுளி என்று வைத்தாள். போடிக்கு 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில்தான் அகலப் பாதையில் திரும்பி வந்தது. குமுளிப் பக்கம் ரயில் கேட்டு எங்கள் ஆட்கள் எத்தனையோ வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரே சாயங்காலத்தில் பாதை போட்டுவிட்டாள், ஆனால் மேட்டில் ரயில் ஊர்ந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் ரயிலுக்கு மலைப் பாதையில் இன்னொரு இன்ஜின் கோர்ப்பதைக் கொல்லம் போனபோது பார்த்திருந்தோம். அதை நினைவுபடுத்தினேன். இரண்டாவது இன்ஜின் சேர்த்ததும் ஏறியது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் ஒரே மவுஸ்தான். அரைமணி ஒருவர் ரயில், அரைமணி மற்றவர் பஸ் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறேன். கம்பெனி ஒன்றே என்பதால் அடுத்தவர் செய்வதை உட்கார்ந்து பார்க்கிறார்கள், கணக்குக் கேட்கிறார்கள்.

பள்ளி தொடங்காத சின்னப் பிள்ளை இருந்தால் ஜிகாம்ப்ரி என்ற கற்றல் விளையாட்டுத் தொகுப்பைப் போடுங்கள். எண், எழுத்து, மவுஸ் பழக்கம் எல்லாம் அதில் உண்டு.

கடைசியாக, நம் மலைக்கான விஷயம். ஐப்பசி துலாம் மழையில் சாயங்காலம் ஆனால் இடி. மேகம் கறுத்ததும், இடி தொடங்கும் முன்பே சார்ஜரையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கழற்றிவிடுங்கள், கேபிள் டிவி வயர் இருந்தால் அதையும். என் லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் அதோடு அணையும். அதனால் ஓப்பன்டிடிடியில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை அமைப்புகளில் குறைத்து வைத்திருக்கிறேன். கரண்ட் வந்ததும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடரலாம்.