திருத்தந்தை மறைந்தால் பங்கில் செய்ய வேண்டியவை

திருத்தந்தை (போப்பாண்டவர்) இறந்த செய்தி வந்ததும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பங்கில், அதாவது ஊர்க் கத்தோலிக்க ஆலயச் சமூகத்தில், எல்லாருக்கும் கை பரபரக்கும். ஒருவர் கறுப்புத் துணி தேடுவார், இன்னொருவர் படம் அச்சடிக்க ஓடுவார், மூன்றாமவர் சிறப்புத் திருப்பலிக்கு நேரமே குறித்துவிடுவார். திருவழிபாட்டு ஒழுங்கு கேட்பதோ மிகச் சில மாற்றங்கள்தான். அந்தச் சிலவற்றைப் பிசகாமல் செய்வதும், மற்றதைத் தொடாமல் விடுவதும்தான் முக்கால்வாசி வேலை.

முதலில் செய்தி உறுதியாகட்டும். 2005 ஏப்ரல் 1 மாலையே இரண்டாம் யோவான் பவுல் இறந்துவிட்டார் என்று சில ஊடகங்கள் முந்திக்கொண்டன. அவர் இறந்தது மறுநாள் இரவு 9.37-க்கு. 2025 ஏப்ரல் 21 அன்று காலை 7.35-க்குப் பிரான்சிஸ் இறந்தார். வத்திக்கானின் கமர்லெங்கோவான (இருக்கை காலியாகும்போது நிர்வாகம் பார்ப்பவர்) கர்தினால் ஃபாரெல் அதை அறிவித்தது 9.47-க்கு. வத்திக்கான் அறிவிப்போ மறைமாவட்ட அலுவலகத்தின் செய்தியோ வரும்வரை மணியைத் தொட வேண்டாம்.

துக்க மணியை இறந்தவரின் வயதுக்கு ஒன்றாக அடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பிரான்சிஸின் வயதுக்கு 88 அடி, ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருவர் அடிக்க, இன்னொருவர் தாளில் கோடு போட்டு எண்ணுவது நல்லது. மனத்தில் எண்ணினால் நாற்பதைத் தாண்டும்போது கணக்குத் தவறும். மின்மணியாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுத்தியல் அடிக்கு மாற்றுங்கள். ஆடும் மணி திருவிழா மணிபோலத்தான் கேட்கும். செய்தி நள்ளிரவில் வந்தால் மணியடிப்பதை விடியற்காலைத் திருப்பலிக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.

நற்கருணை மன்றாட்டில் பெயர்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். திருத்தந்தையின் இருக்கை காலியானதிலிருந்து, திருப்பலியின் மையச் செபமான நற்கருணை மன்றாட்டில் அவருக்காக வேண்டும் பகுதி சொல்லப்படுவதில்லை. பெயரை மட்டும் விழுங்கிவிட்டு ‘எங்கள் திருத்தந்தை’ என்பதை விட்டுவைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. இரண்டையும் விட்டு நேரே ஆயரின் பெயருக்குப் போக வேண்டும். காலியான இடத்தில் ‘கர்தினால்கள்’ என்றோ ‘வரப்போகும் திருத்தந்தை’ என்றோ எதையும் செருகக் கூடாது. உங்கள் ஆயர் கர்தினாலாக இருந்து, புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமான கான்கிளேவுக்குப் போயிருந்தாலும் அவர் பெயர் வழக்கம்போல் வரும். உரோமை மறைமாவட்டப் பங்குகளில் மட்டும் இரண்டு பெயருமே இராது. அங்கே ஆயரும் திருத்தந்தையும் ஒருவரே.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே பெயரைச் சொல்லிப் பழகிய நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிடும். நினைவை நம்பாமல் திருப்பலி நூலில் அடையாளம் வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் அகலத் தாள் துண்டில், பீடத்தில் நின்றபடி படிக்கும் அளவுப் பெரிய எழுத்தில், ஆயரின் பெயர் வரும் தொடரை மட்டும் அச்சடித்து அந்த வரியின் மேல் படியுமாறு பொருத்த வேண்டும். பென்சிலால் கோடு போட்டால் சில வாரங்களில் அழிக்க வேண்டிவரும், மெல்லிய தாள் கிழியும். ஒட்டுத்தாளை நீண்ட நாள் விட்டால் பசை பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் பிளாஸ்டிக் கிளிப் போதும். இரும்புக் கிளிப் துருக்கறை விடும். முதல் நான்கு மன்றாட்டுகளோடு நின்றுவிடாதீர்கள். ஒப்புரவுக்கான இரண்டு, பல்வேறு தேவைகளுக்கான நான்கு வடிவங்கள் என்று மொத்தம் பத்து இடங்களைப் பார்க்க வேண்டும்.

இணைந்து நிறைவேற்றும் குருக்கள் கையில் தனிப் புத்தகமோ அட்டையோ இருக்கும். பெயர் வரும் பகுதியைப் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான் சொல்வார். உடுத்தும் அறையிலேயே அவருக்கு நினைவூட்டுங்கள். திருமணத்துக்கு வெளியிலிருந்து வரும் குருவுக்கும் அப்படியே. இவை போக, நாள்தோறும் செபிக்கும் திருப்புகழ்மாலையின் மாலை மன்றாட்டுகள், நவநாள் செபப் புத்தகம், திரையில் காட்டும் பக்கங்கள் என்று பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. கணினியில் பழைய பெயரைத் தேடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் அகப்படும். அப்படியும் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் நிறுத்தித் திருத்த வேண்டாம், அப்படியே தொடரட்டும். திருப்பலி செல்லுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

பணி ஓய்வு பெற்ற திருத்தந்தை இறந்தால் இந்த மாற்றம் எதுவும் கிடையாது. 2022 டிசம்பர் 31 அன்று பதினாறாம் பெனடிக்ட் இறந்தபோது பீடத்தில் பிரான்சிஸின் பெயர் தொடர்ந்தது. 2013 பிப்ரவரி 28 அன்று பெனடிக்ட் பதவி விலகியபோதோ பெயர் விடப்பட்டது, ஆனால் துக்கம் இல்லை.

எந்த நாளில் எந்தத் திருப்பலி

கருத்து (யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பது) வேறு, திருப்பலி வாய்பாடு (அதில் சொல்லும் செபங்கள்) வேறு. திருத்தந்தையின் ஆன்மாவுக்காகக் கருத்து வைத்து எந்த நாளும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். அதற்காக அன்றைய மன்றாட்டுகளையும் வாசகங்களையும் மாற்ற வேண்டியதில்லை. இறந்தோருக்கான வாய்பாட்டைப் பயன்படுத்துவதற்குத்தான் நாள் பார்க்க வேண்டும்.

இறப்புச் செய்தி கிடைத்ததும் வைக்கும் இறந்தோர் திருப்பலியைப் பெரும்பாலான வாரநாள்களில், கட்டாய நினைவு நாளில்கூட, வைக்கலாம். ஞாயிறு, பெருவிழா, திருநீற்றுப் புதன், புனித வாரம், பாஸ்கா எண்கிழமை (உயிர்ப்பு ஞாயிறு முதல் எட்டு நாள்) ஆகியவற்றில் கூடாது. பிரான்சிஸ் இறந்தது பாஸ்கா திங்களன்று. அந்த வாரம் முழுவதும் எண்கிழமை. அடுத்த ஞாயிறு இறை இரக்க ஞாயிறு. ஆகவே பங்குகளில் இறந்தோர் திருப்பலி வைக்க ஏப்ரல் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உரோமையில் 26-ஆம் தேதி சனிக்கிழமை நடந்தது உடலோடு கூடிய அடக்கத் திருப்பலி, அதற்கு எண்கிழமையிலும் தடையில்லை. ‘அங்கே நடக்கிறதே, இங்கே ஏன் கூடாது?’ என்று பங்குப் பேரவையில் கேள்வி வந்தால் பதில் இதுதான். அந்த நாள்களில் மாலை செபமாலை, திருப்பாடல் வழிபாடு, விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு கருத்து ஆகியவை போதும்.

நாள் அமைந்ததும் திருப்பலி நூலின் இறந்தோர் பகுதியில் திருத்தந்தைக்கென்றே உள்ள மன்றாட்டுகளை எடுங்கள். நற்கருணை மன்றாட்டு இரண்டு அல்லது மூன்று பொருத்தம்; இறந்தவரின் பெயரைச் சொல்லும் சிறப்புப் பகுதி அவற்றில் உண்டு. நான்காவதில் அதைச் சேர்க்க முடியாது. ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் இல்லை, நம்பிக்கை அறிக்கை இல்லை. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் புதிய ஏற்பாட்டிலிருந்து வர வேண்டும். மறையுரை சுருக்கமாக, இறைவார்த்தையைப் பற்றியதாக இருக்கட்டும். வாழ்க்கை வரலாறும் புகழுரையும் திருப்பலிக்குப் பின் அரங்கில் பேசிக்கொள்ளலாம்.

திருவுடை ஊதா. வழக்கமுள்ள இடங்களில் கறுப்பு, ஆயர் பேரவை ஏற்றிருந்தால் வெள்ளை. தொலைக்காட்சியில் கர்தினால்கள் சிவப்பு உடுத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சிவப்பை எடுத்து வைக்கும் பணியாளர் எப்படியும் ஒருவர் இருப்பார். அது திருத்தந்தையின் அடக்கத்துக்குரிய உரோமை மரபு, பங்குக்கு ஆகாது.

பீடத்தின் மேல்விரிப்பு எப்போதும் வெள்ளைதான், கறுப்புத் துணி வேண்டாம். பீடத்தில் பூ வைக்காமலிருப்பது நல்லது. இசைக்கருவி பாடலுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம், தனி வாசிப்பு கிடையாது. வெறும் பெட்டியை நடுவில் வைத்துத் தூபம் காட்டுவதும், இறுதி விடையளிப்புச் சடங்கு நடத்துவதும் தவறு. அந்தச் சடங்கு உடல் இருக்கும் இடத்துக்கு உரியது.

விசுவாசிகள் மன்றாட்டை எழுதுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாம் அவருக்காக மன்றாடுகிறோம், அவரிடம் அல்ல. ‘புனிதர்’ என்று பட்டம் சூட்டுவதும், சாதனைகளைப் பட்டியல் போடுவதும் இங்கே இடம் மாறி வருபவை. ‘உமது திரு அவையை மேய்க்க நீர் அழைத்த திருத்தந்தை பிரான்சிசை உமது இரக்கத்தால் ஏற்றுக்கொண்டு, நிலைவாழ்வில் பங்கு தர வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்’ என்ற அளவு போதும். இன்னொரு கருத்து கர்தினால்களுக்காக.

படம், இரங்கல் ஏடு, கொடி

படத்தைப் பீடத்தின் முன்னாலோ வாசக மேடையிலோ வைக்கக் கூடாது. நுழைவாயில் பக்கம் அல்லது பக்கவாட்டில் ஒரு மேசை போதும். ஏ3 அளவில் அச்சிடக் குறைந்தது 2300-க்கு 3300 பிக்சல் உள்ள படம் வேண்டும். கைப்பேசியில் சுற்றிவந்த படத்தைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கொளி பட்டு முகமே மறையும், மங்கல் தாளில் அச்சிடுங்கள். மெழுகுதிரி கண்ணாடிக் குவளைக்குள், துணியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி.

இரங்கல் ஏட்டுக்குக் கோடு போட்ட கட்டுப் புத்தகம் நல்லது. உதிரித் தாள்கள் இரண்டாம் நாளே கலைந்துவிடும். பேனாவைக் கயிற்றில் கட்டி வையுங்கள். முதல் பக்கத்தில் பங்குத்தந்தை நாலு வரி எழுதிவைத்தால் பின்னால் வருபவர்கள் தயங்க மாட்டார்கள். ஏட்டை எங்கே அனுப்புவது என்று மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வத்திக்கான் கொடி சதுரமானது. மஞ்சள் பாதி கம்பத்தை ஒட்டி, சாவிகள் உள்ள வெள்ளைப் பாதி வெளியே. அரைக்கம்பத்தில் பறக்கவிடும்போது முதலில் உச்சிவரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்குங்கள். மாலையில் இறக்கும் முன்னும் ஒருமுறை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். சுவரில் பொருத்திய கம்பமாக இருந்தால் நுனியில் கறுப்பு நாடா கட்டினால் போதும்.

அடக்க நாளும் அதற்குப் பிறகும்

அடக்கம் இறந்த நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் நடக்கும். நேரலையைத் திரையிடுவதாக இருந்தால் உரோமை நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறுவரை உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னால், மற்ற மாதங்களில் ஒரு மணி. திரை பீடத்தை மறைக்காத அரங்கில் இருக்கட்டும். நேரலை பார்த்தது திருப்பலியில் பங்கேற்றதாகாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அடக்கத் திருப்பலியிலிருந்து ஒன்பது நாள் உரோமையில் துக்கம். 2025-இல் அது மே 4 அன்று முடிந்தது. பங்கு அதை அப்படியே பின்பற்றக் கட்டாயமில்லை. ஒன்பது மாலை செபமாலை அன்பியங்களின் (பங்கின் சிறு குழுக்களின்) முறைவைத்து நடந்தால் நன்றாகவே அமையும். திருமுழுக்கு, திருமணம் எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

கான்கிளேவ் பொதுவாக 15-ஆம் நாளுக்கும் 20-ஆம் நாளுக்கும் இடையில் தொடங்கும். அதற்குமுன் ஆயர் அறிவுறுத்தினால் திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பதற்கான திருப்பலியை வாரநாளில் வைக்கலாம். படம், கறுப்பு நாடா எல்லாம் அதற்குள் அகற்றப்பட்டிருக்க வேண்டும். திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அடையாளமான வெண்புகை கண்டவுடன் மணி அடிக்கலாம். பெயரைச் செருகுவது மட்டும் புனித பேதுரு பேராலய மாடத்திலிருந்து அறிவிப்பு வந்த பிறகு. பீடத்தில் பெயர் மட்டும் போதும். ‘பதினான்காம்’ போன்ற எண் தேவையில்லை. திருப்பலி நூலிலிருந்து தாள் துண்டுகளை எடுக்கும்போது பத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் அந்த மன்றாட்டைச் சொல்லும் குரு புதிய திருத்தந்தையைத் தாண்டிப் போய்விடுவார். முதல் நினைவு நாளுக்கும் இறந்தோர் திருப்பலி வைக்கலாம் என்பதால், தேதியை அடுத்த ஆண்டு நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.