ஈ மொய்க்கும் காம்பும் மடிநோயும்

கறவையில் இருக்கும் மாட்டைத்தான் எல்லோரும் கவனிக்கிறோம். இன்னும் கன்று ஈனாத கிடாரியின் காம்பு நுனியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். சின்னதாக, கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால் பெரும்பாலும் அது கடி ஈயின் வேலை. அந்தப் புண்ணில் தங்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை ஈக்கள் ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். கடைசியில் முதல் ஈற்றிலேயே மடிநோய் வந்து நிற்கும். கண்ணில் நீர் வடியும் கண்நோயைப் பரப்புவதிலும் ஈக்களுக்குப் பங்குண்டு.

மருந்து தெளிப்பதைவிட ஈ பெருகும் இடத்தை ஒழிப்பதுதான் பலன் தரும். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக 7 முதல் 10 நாள் போதும். அதனால் வாரம் இரண்டு முறையாவது சாணத்தைச் சுத்தமாக அள்ளிவிடுங்கள். முக்கியமாக, தீவனத் தொட்டியின் அடியிலும் கன்றுக்கூண்டின் ஓரத்திலும் ஊறிக்கிடக்கும் தீவனத்தைக் கிளறிப் பாருங்கள், வெள்ளைப் புழு நெளியும். பலரும் விட்டுவிடுகிற இடம் அதுதான்.

அப்புறம், கறந்து முடித்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, உடனே தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மாடு படுக்காமல் நிற்கும். பூச்சிமருந்தை மட்டும் காம்பின் மேலோ பால் பாத்திரத்தின் பக்கமோ கொண்டுபோகவே வேண்டாம்.