தண்ணீர்க் குழாயிலும் பேண்ட் வந்த கதை

மூன்று வாரமாக பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை) ஒரே தொல்லை. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர் விட்ட கன்ட்ரோல் குழாயிலும் 200 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அளவில் பேண்ட், அதாவது டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் பட்டை, பளிச்சென்று நின்றது, அதுவும் சாம்பிளில் வருகிற அதே உயரத்தில். பிரைமர் டைமராக (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாவது) இருக்குமோ என்று பார்த்தேன், ஆனால் அது இன்னும் கீழே மங்கலாகத்தான் தெரியும். தண்ணீர், பிரைமர், என்சைம் எல்லாவற்றையும் மாற்றியும் பேண்ட் போகவில்லை.

அப்புறம்தான் உறைத்தது: பிசிஆர் முடிந்ததை ஜெல்லில் லோட் செய்யும் அதே பைபெட்டால்தான் (திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவி) மாஸ்டர் மிக்ஸையும் (எல்லாக் குழாய்களுக்கும் பொதுவான பிசிஆர் கலவை) கலக்கிக்கொண்டிருந்தேன்! பிசிஆர் முடிந்த குழாயில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கும், உறிஞ்சும்போது நுண்துளிகளாக பைபெட்டின் தண்டுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

பைபெட்டைக் கழற்றி, தண்டை 10 சதவீத ப்ளீச்சால் துடைத்துப் பிறகு தண்ணீராலும் துடைத்தேன் (தண்ணீரால் துடைக்காமல் விட்டால் துரு ஏறும், ஒரு ஸ்பிரிங்கை அப்படித்தான் கெடுத்தேன்). மிக்ஸ் கலக்கத் தனி மேசை, தனி பைபெட், ஃபில்டர் டிப் (நுண்துளிகள் பைபெட்டுக்குள் போகாமல் தடுக்கும் வடிகட்டி வைத்த முனை). ரீஏஜென்ட்களைப் புதிதாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தேன். ஒட்டியிருக்கும் டிஎன்ஏவை அழிக்க யுவி விளக்கை மட்டும் நம்பாதீர்கள், சிறிய துண்டுகளிடம் அதன் பலம் குறைவு.

அடுத்த ஜெல்லில் கன்ட்ரோல் குழாயின் லேன் (வரிசை) பேண்டே இல்லாமல் கருப்பாக இருந்தது. சந்தேகத்தில் இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன், சரியாகவே வந்தது.