வேடந்தாங்கல் கரையிலிருந்து பறவைகளைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

வேடந்தாங்கல் ஏரியில், நீர்க்கடம்பு மரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் கூழைக்கடாவை 400 மி.மீ. லென்ஸில் எடுத்துவந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, அதன் மேலலகிலுள்ள கரும்புள்ளிகள் கலங்கித் தெரிந்தால், நாம் முதலில் லென்ஸைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் கைநடுக்கம், பறவையின் அசைவு, ஃபோகஸ் விலகல், வெப்பக் காற்று ஆகிய நான்கும் தனித்தனிக் காரணங்கள். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

முதலில் ஷட்டர் வேகத்தை, அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரத்தை, வையுங்கள். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/400 நொடி என்பது பழைய கணக்கு. சென்சார் சிறிதாக இருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராவில் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும் என்பதால் 1/640 நொடியில் தொடங்குங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேண்டும். லென்ஸிலுள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் குறைக்கும், சிறகசைப்பை நிறுத்தாது. இதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 1600 வரை உயர்ந்தாலும் தயங்க வேண்டாம். படத்தில் தோன்றும் மணல்மணல் போன்ற புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், அசைந்துபோன இறகை மீட்க முடியாது.

அடுத்து, பார்வைக் கோபுரத்தின் கைப்பிடிச் சுவரில் பயறு நிரப்பிய துணிப்பையை வைத்து, அதில் லென்ஸைப் படுக்க வையுங்கள். முக்காலியைவிட இதையே நான் விரும்புகிறேன். மூன்று நான்கு படங்களைத் தொடராக எடுத்தால், விரல் அழுத்தும் அதிர்வு தணிந்த பிறகு பதிவாகும் நடுப்படங்கள் பெரும்பாலும் தெளிவாக அமையும்.

ஃபோகஸை, பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் முறையில் வைத்து, ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்மீது நிறுத்துங்கள். பரந்த பகுதியைக் கேமராவிடம் விட்டால், கூட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுள்ளியை அது பிடித்துக்கொள்ளும். வெளிச்சம் போதுமானால் அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 8-இல் வையுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது காற்றை. வெயில் ஏறியதும் கரையின் மண் சூடாகி, அதற்கு மேலுள்ள காற்று அடுக்கடுக்காக அடர்த்தி மாறி, ஒளியை ஓயாமல் வளைக்கிறது. தொலைவு கூடக்கூட இந்தக் கானல் படத்தை அதிகமாகக் குலைக்கும். ஒருமுறை நண்பகலில் நான் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட நாரைப் படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. மறுநாள் விடிந்த சிறிது நேரத்தில், அதே இடத்தில், அதே லென்ஸில், கழுத்திறகுகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. எனவே நுழைவாயில் திறந்ததுமே உள்ளே சென்றுவிடுங்கள். ஏசி காரிலிருந்து எடுத்த லென்ஸில் ஈரம் படியும் என்பதால், அதைப் பைக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்து வெளியே எடுங்கள்.

இடத்தைவிட்டு நகரும் முன் கேமராத் திரையில் படத்தை முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கைநடுக்கம். கிளை தெளிவாக இருந்து சிறகு மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முன்னாலுள்ள சுள்ளி கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. தொடர்ந்து எடுத்த ஒவ்வொரு படத்திலும் அலகு வெவ்வேறு விதமாக நெளிந்திருந்தால் அது கானல், அன்றைக்குக் கேமராவை உறையிலிட்டு மாலை வரை காத்திருங்கள்.