நந்தியாவட்டையில் பச்சைப் புழுவா? வளர்த்துப் பாருங்கள்

நந்தியாவட்டையோ அரளியோ திடீரென்று கொழுந்து இழந்து நிற்கிறதா? மருந்து டப்பாவை எடுக்காதீர்கள். முதலில் செடியடியில் தரையைப் பாருங்கள். மிளகு போல உருண்டையாக, கோடு கோடாக வரி விழுந்த எச்சம் புதிதாகக் கிடந்தால், அதற்கு நேர் மேலே இருக்கும் கிளையில்தான் ஆள் இருப்பார். இலை இலையாகத் தேடுவது வீண்வேலை, அந்தப் பச்சை அப்படி ஒட்டிப்போகும்.

அரளி அந்துப்பூச்சியின் புழு அது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரீ. நன்றாக வளர்ந்தால் 7 செ.மீ. தாண்டும். பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை, சுற்றிலும் வெண்புள்ளிகள், வால்பக்கம் ஒரு குட்டிக் கொம்பு. தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு வட்டங்கள். லேசாகத் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த வட்டங்களைக் கண்ணாக்கி முறைக்கும். வெறும் மிரட்டல்தான், கொம்பு குத்தாது, கடிக்காது.

வளர்ப்பதற்குக் காற்று போகும் பெட்டி, அடியில் காகிதம், இவை போதும். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே இலையைக் கொடுங்கள். நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலையிலும் இது வளரும் என்றாலும் பாதியில் மாற்றினால் பல புழுக்கள் தின்ன மறுத்துவிடும். ஈர இலை வேண்டாம். எச்சத்தைத் தினமும் கொட்டுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். அரளிப்பால் விஷம், இலை பறித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளைப் பறிக்க விடாதீர்கள்.

ஒருநாள் முதுகு பழுப்பாகும், தின்பதை நிறுத்திவிட்டுப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி அலையும். நோய் இல்லை. காய்ந்த சருகைப் போடுங்கள், அதற்குள் போய்க் கூட்டுப்புழு ஆகிவிடும். அப்புறம் தொடவே கூடாது. வெயில் காலத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம். பிடித்து ஏற ஒரு சுள்ளியைச் சாய்த்து வையுங்கள், தொங்கினால்தான் சிறகு விரியும்.

வெளியே வருவது 10 செ.மீ. அகலச் சிறகில் கரும்பச்சை, இளம்பச்சை, இளஞ்சிவப்பு என்று குழைத்த அழகு. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இருப்பது, கோடையில் ஐரோப்பா வரை பறந்து போகும். பொழுது சாய்ந்ததும் விடுங்கள், பகலில் பறவைகள் விடாது.

அந்துப்பூச்சிக்குப் பதில் ஈக்கள் வெளியே வந்தால் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்லாதீர்கள். சில ஈக்கள் புழுவையே தம் குஞ்சுகளுக்கு இரையாக்கும். நீங்கள் எடுத்துவரும் முன்பே அது நடந்திருக்கும்.